அரசுப் பள்ளியிலிருந்து வீட்டுக்கல்விக்கு: டி.சி. கேட்கும் முன்னும் பின்னும்

டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுத உட்காருவதற்கு முன் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பாருங்கள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் இழப்பு குறைவு. ஆறாம் வகுப்பைத் தொட்டுவிட்டால் கணக்கே வேறு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் என விரிந்த அதே ஒதுக்கீடு, கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எல்லாமே 6 முதல் 12 வரை பள்ளியில் படித்ததைப் பார்த்துக் கொடுப்பவை. நடுவில் ஒரு வருடம் விட்டாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். நான்காம் வகுப்பில் எடுத்து, ஆறாம் வகுப்புக்குத் திரும்பச் சேர்த்தால் இவற்றில் எதுவும் போகாது. ஆனால் அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை மட்டும் முதல் வகுப்பிலிருந்தே கேட்கும். பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராகத் தமிழில் எழுதியதை அதில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சீருடை, சத்துணவு, பஸ் பாஸ் நிற்பது அப்போதே தெரியும். மேலே சொன்ன ஒதுக்கீடும் உதவித்தொகையும் முன்னுரிமையும் போனது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

அடுத்தது சட்டம். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் வீட்டுக்கல்வி என்ற பேச்சே இல்லை. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று எங்கும் சொல்லவில்லை. அதனால் “மேலே அனுமதி வாங்கிட்டு வாங்க” என்று யாராவது சொன்னால், அலைய வேண்டாம். அதற்கென்று ஒரு படிவமும் கிடையாது. 5ஆம் பிரிவின்படி தலைமையாசிரியர் டி.சி.யை உடனே தர வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளையைப் பற்றி. “எந்தப் பள்ளிக்கும்மா போறீங்க?” என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. பொய்யாக ஒரு பள்ளிப் பெயரைச் சொல்லாதீர்கள். அந்தப் பள்ளி எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளாதபோது முதலில் மாட்டிக்கொள்வது எச்.எம். தான். விண்ணப்பத்தில் “பெற்றோர் விருப்பத்தின் பேரில், வீட்டிலிருந்து கற்பித்துத் திறந்தநிலைப் பள்ளி வழியே தேர்வு எழுத வைக்க உள்ளோம்” என்று நேராக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

காலம் பார்ப்பது மிக முக்கியம். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகும். நம் காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் ஒரு தலை குறைந்தாலும் எச்.எம். முகம் வாடுவது அதனால்தான். ஜூலையில் போய்க் கேட்டால் இழுத்தடிப்பார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு கேட்டால், அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றதாக டி.சி.யிலேயே பதிவாகும்; பின்னால் அது உதவும். அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தால் அம்மா கையெழுத்தே போதும். ஐயாவையோ அப்பத்தாவையோ தனியாக அனுப்புவதாக இருந்தால் கையில் ஒரு சம்மதக் கடிதம் கொடுத்துவிடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகம் வரை போக வேண்டி வந்தால், ஊர் எந்த மாவட்டம் என்று பார்த்துப் போங்கள். காரைக்குடிச் சுற்றுவட்டாரம் சிவகங்கை மாவட்டத்தில் சாக்கோட்டை ஒன்றியம். கோனாபட்டு, ராயவரம் பக்கமெல்லாம் புதுக்கோட்டை மாவட்டம்.

டி.சி. கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். எமிஸில் உள்ளதுதான் டி.சி.யில் அச்சாகும் என்பதால், தப்பு இருந்தால் அச்சடிக்கும் முன்பே எமிஸில் திருத்தச் சொல்ல வேண்டும். பள்ளியை விட்டு வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு. சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லையென்றால் பள்ளியில் இருக்கும்போதே இ-சேவையில் போட்டுவிடுங்கள். எமிஸ் எண்ணையும், பென் என்கிற நிரந்தரக் கல்வி எண்ணையும் தனியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் முதலில் கேட்பது அவைதான்.

டி.சி. போட்டவுடன் பிள்ளையின் பெயர் எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். அதனால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டுக் கதவு தட்டப்படும். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர் வருவார், கூடவே பள்ளி ஆசிரியரும் வரலாம். சண்டை போட வேண்டியதில்லை. இடைநின்ற பிள்ளை வேலைக்குப் போகிறதா, கல்யாண ஏற்பாடு ஏதும் நடக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் கடமை. முத்திரை வாங்கிய விண்ணப்பம், பிள்ளையின் நோட்டுகள், தேதி போட்ட பாட அட்டவணை, கிளை நூலக உறுப்பினர் அட்டை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். மனம் மாறினால் எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேரும் உரிமை சட்டத்தின் 4ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 14 வயதைத் தாண்டினால் அந்தப் பிடி இல்லை.

தேர்வுக்கு இரண்டு வழி. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தமிழிலும் எழுதலாம், ஐந்து பாடம், ஐந்து ஆண்டு அவகாசம், ஆண்டுக்கு இருமுறை தேர்வு. எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி போதும். மாநில வழியில் 12½ வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, 14½ நிறைந்ததும் பத்தாம் வகுப்பு. பலர் கோட்டைவிடுவது இரண்டாவதில்: அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பெயர் கொடுத்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய்ப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது தெரியவந்தால், அதற்குள் பயிற்சிக்கான தேதி போயிருக்கும். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பை முந்தைய கல்வியாண்டிலிருந்தே பார்த்து வாருங்கள்.