கம்பளி நூலில் கல் பவளங்கள்: இதுவரை பின்னியவை

சுண்ணாம்பில் எலும்புக்கூடு கட்டும் கல் பவளங்களின் வகைப்பாட்டை குரோஷே (கொக்கி ஊசி) பின்னலில் செய்து பார்க்கலாம் என்று ஆரம்பித்த வேலை ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. நான் இருப்பது குன்னூரில். இங்கே காலடியில் கிடப்பது பூமியின் ஆழத்தில் உருவான சார்னோகைட் பாறை; அதில் பவளப் புதைபடிவம் தேட வழியே இல்லை. மண்டபம் பக்கம் போகும்போது கரையில் ஒதுங்கிய முருகைக்கல் துண்டு ஒன்றை எடுத்துவரலாமே என்றால் அதுவும் கூடாது. 2001-ல் கல் பவளங்கள் அத்தனையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாவில் எவ்வளவு வெட்டி அள்ளினார்கள் என்று படித்தவர்களுக்கு, இந்தச் சட்டம் இன்னும் முன்பே வந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றும். ஆக, ஊட்டியில் வாங்கிய கம்பளி நூலும், அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பவள எலும்புக்கூட்டுப் படங்களும்தான் என் மூலப்பொருள்.

முதலில் எடுத்துக்கொண்டது ஃபங்கியா என்ற தட்டு வடிவப் பவளம். பெரும்பாலான பவளங்கள் ஆயிரக்கணக்கான சிறு பாலிப்புகள் (வாயுள்ள குட்டி உயிர்கள்) சேர்ந்து கட்டும் குடியிருப்பு. ஃபங்கியா அப்படியில்லை, 30 செ.மீ. வரை வளரும் அந்தத் தட்டு முழுவதும் ஒரே பாலிப், ஒரே வாய். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட வசதியான பவளம் கிடையாது. நடுவிலிருந்து விளிம்பு வரை மெல்லிய தடுப்புகள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஓடுகின்றன. முதலில் 6 தடுப்பு, அவற்றுக்கு இடையே இன்னும் 6, பிறகு 12, பிறகு 24. கல் பவளங்களை அடையாளம் காட்டும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

குரோஷேயிலும் வட்டம் 6 கண்ணியில்தான் தொடங்கும். சுற்றுக்கு 6 கண்ணி கூட்டிக்கொண்டே போனால் தட்டு சமமாக வரும். அந்தத் தட்டின் மேல் தடுப்புகளைத் தனியாக எழுப்பினேன். முதல் ஆறு, நடுவிலிருந்தே கிளம்பும். அடுத்த ஆறு மூன்றாம் சுற்றிலிருந்து. 12 தடுப்பு ஐந்தாம் சுற்றிலிருந்து. 24 தடுப்பு ஒன்பதாம் சுற்றிலிருந்து. நாலாவது வரிசையை அதற்கு முன்னால் தொடங்கவே முடியாது, இடம் இருக்காது. பிற்காலத்துத் தடுப்புகள் ஏன் குட்டையாக, விளிம்போடு நின்றுவிடுகின்றன என்பது இதைப் பின்னும்போது கைக்கே புரிந்துவிட்டது.

அடுத்து டர்பினேரியா மெசென்டெரினா என்ற பவளம். எனக்கு மிகவும் பிடித்துப்போன உருப்படி இதுதான். ஆழம் குறைந்த, வெளிச்சம் கூடிய இடத்தில் இது மடிப்பு மடிப்பாகச் சுருண்டு எழும். ஆழத்தில் வெளிச்சம் குறைந்தால் தட்டையாக விரியும். இனம் ஒன்றுதான். அந்த இரண்டு உருவத்தையும் கண்ணி கூட்டும் கணக்கை மட்டும் மாற்றிப் பின்னினேன். சுற்றுக்கு 6 கண்ணி கூட்டியது தட்டையாகப் படுத்துக்கொண்டது. மூன்று கண்ணிக்கு ஒன்று கூட்டியதோ கொஞ்ச நேரத்திலேயே அலையலையாகச் சுருள ஆரம்பித்தது. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் டைனா டைமினா 1997-ல் கண்டுபிடித்துக் கொடுத்த வழி இது. பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, கோழிக்கொண்டைப் பூங்களா?” என்றார். தட்டையாக இருந்ததையும் கொடுத்து இரண்டும் ஒரே உயிர் என்று சொன்னேன். ரொம்ப நேரம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உருவத்தை வைத்து உறவு சொல்வதில் இருக்கும் சங்கடம் இதுதான். ஓர் இனத்துக்கே இரண்டு உருவம் என்றால், வேறு வேறு வம்சங்கள் ஒரே உருவத்துக்கு வந்து சேர்வதும் நடக்கும். மூளைப் பவளங்களில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் பிளாட்டிகைராவையும் கரீபியன் கடலின் டிப்ளோரியாவையும் பின்னி அருகருகே வைத்தேன். நெளிநெளியாக ஓடும் பள்ளங்கள், நடுவே மேடுகள். அக்கா தங்கை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நெடுங்காலம் இரண்டும் ஃபேவிடே என்ற ஒரே குடும்பத்தில்தான் இருந்தன. 2004-ல் ஆய்வாளர் ஹிரோனோபு ஃபுகாமியும் கூட்டாளிகளும் மரபணுக்களை ஒப்பிட்டபோது, அட்லாண்டிக் பவளங்கள் பல, தம்மைப் போலவே இருக்கும் பசிபிக் பவளங்களுக்கு உறவே அல்ல, தங்களுக்குள்தான் நெருக்கம் என்று தெரிந்தது. 2012-ல் பிளாட்டிகைரா மெருலினிடே குடும்பத்துக்குப் போனது. டிப்ளோரியா அட்லாண்டிக் சொந்தங்களோடு நின்றது. இந்தோ-பசிபிக் கடலில் ஃபேவியா என்று அழைக்கப்பட்டவை டிப்சாஸ்ட்ரேயா ஆகின.

அதற்காக எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயனில்லை என்று ஆகிவிடவில்லை. எனக்கு இந்தக் கதையில் பெரிய விஷயமே அதற்குப் பிறகு நடந்ததுதான். மரபணு சொன்ன உறவைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் பழைய எலும்புக்கூடுகளை மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தடுப்பின் விளிம்பில் இருக்கும் பற்களின் வடிவம், சுண்ணாம்பு படியத் தொடங்கும் மையங்களின் அமைப்பு ஆகியவற்றில் குடும்ப வேறுபாடு இருந்தது. தடயம் எப்போதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது, அந்த அளவுக்கு இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது என் மூளைப் பவளங்களுக்குத் தடுப்பு விளிம்பில் பிக்கோ என்ற குட்டி முடிச்சு போட்டுப் பற்கள் வைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்கு நோவுதான். ஆனால் அதில்லாமல் இந்தப் பவளங்களைப் பின்னியதாகவே சொல்ல முடியாது.

நிறம் விஷயத்தையும் முடிவு செய்தாகிவிட்டது. 1996-ல் ஆய்வாளர்கள் ரோமானோவும் பலும்பியும் கல் பவளங்களை மரபணு வழியில் இரண்டு பெரும் கிளைகளாகப் பிரித்தார்கள்: காம்ப்ளெக்ஸ், ரோபஸ்ட். முதலாவதுக்கு நீல நூல், இரண்டாவதுக்கு ஆரஞ்சு. அக்ரோபோரா, போரைட்டிஸ், டர்பினேரியா நீலம். ஃபங்கியா, பிளாட்டிகைரா, டிப்ளோரியா, போசில்லோபோரா ஆரஞ்சு. அக்ரோபோராவும் போசில்லோபோராவும் இரண்டுமே கிளைவிடும் பவளங்கள்தான். அக்ரோபோராவின் கிளை நுனியில் மட்டும், பாலிப் உட்காரும் ஒரு தலைமைக் கிண்ணம் இருக்கும், அதன் பக்கவாட்டில்தான் மற்றவை முளைக்கும். போசில்லோபோராவில் அது கிடையாது, மேலெங்கும் மருக்கள்தான்.

பாக்கி இருப்பது தொடக்கக் கதை. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் வந்த பேரழிவில் ருகோசா என்ற பழைய பவளக் கூட்டம் பூண்டோடு போனது. அவற்றில் புதுத் தடுப்புகள் நாலு இடத்தில்தான் முளைக்கும், எலும்புக்கூடு கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். இன்றைய கல் பவளங்கள் அரகோனைட் என்ற வேறொரு சுண்ணாம்புக் கனிமத்தில் கட்டுபவை. பேரழிவுக்கு அடுத்து வந்த டிரையாசிக் காலத்தின், சுமார் 24 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளில்தான் பரவலாகத் தென்படுகின்றன. ஆனால் 2011-ல் ஆய்வாளர் ஸ்டோலார்ஸ்கியின் குழு ஆழ்கடலின் கார்டினேரியிடே, மைக்ரபேசியிடே குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்து, கல் பவள வம்சம் அந்தப் பேரழிவுக்கு முந்தைய பேலியோசோயிக் காலத்திலேயே தோன்றிவிட்டது என்று கணக்கிட்டது. நீலமும் ஆரஞ்சும் பிரிவதற்கு முன்பே கிளைத்தவை அந்த இரண்டும். அவற்றுக்குச் சாம்பல் நிறம் எடுத்து வைத்திருக்கிறேன். மைக்ரபேசியிடே மிகச் சிறியவை, தடுப்புகள் கிளை பிரிந்து பிரிந்து போகும். கம்பளி நூலுக்கு அது அடங்காது. மெல்லிய பருத்தி நூலும் 1 மி.மீ. ஊசியும் கிடைத்ததும் தொடங்க வேண்டும்.