கடைசிப் பொத்தானிலிருந்து

என் மகனுக்கு 16 வயது. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் அவனைப் பழைய பள்ளியிலிருந்து நிறுத்தி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்தோம். பழைய பள்ளியில் கடைசி பெஞ்சில் பேனா மூடியைச் சுழற்றியபடியே இருப்பான். ஆனால் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிவிடுவான். மார்க் வருகிறதே என்று நானும் பேசாமல் இருந்தேன். வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது நான்தான்.

புதிய பள்ளியில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு ஐஎஸ்ஏஏ என்றொரு மதிப்பீடு: 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 70ஐத் தொட்டால் ஆட்டிசம். மார்க் குறையட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே பரீட்சை அது. குறைந்தால் சான்றிதழே கிடைக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது.

முதல் மாதம் புத்தகமே எடுக்கவில்லை. "பொத்தானை ஏன் நீங்க போடுறீங்கம்மா?" என்றார் டீச்சர். அவர் ஆறு பொத்தானைப் போட்டுவிட்டு, ஏழாவதை மட்டும் அவனிடம் விட்டார். அது கைவந்ததும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. பின்னாலிருந்து வந்தால், வேலையை முடிப்பது எப்போதும் அவன் கையாகவே இருக்கும். ஏழுக்கும் நான்கு மாதம் ஆனது. வீட்டில் அவசரத்தில் நான் போட்டுவிட்ட நாட்களைக் கழித்திருந்தால் மூன்றில் முடிந்திருக்கும்.

அடுத்தது பறக்கும் ரயில், வேளச்சேரியிலிருந்து திருமயிலை வரை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு பட அட்டை. வண்டி நின்றதும் அதைத் திருப்ப வேண்டும். டீச்சர் முதலில் பக்கத்து சீட்டில், பிறகு பெட்டியின் மறுகோடியில். ஒருநாள் கோட்டூர்புரத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. அதற்கு அட்டை இல்லை. காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "பிள்ளையை வளர்க்கத் தெரியல" என்றார் ஒரு பெரியவர். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. டீச்சரோ மறுநாள் 'ரயில் நிற்கிறது, காத்திருக்கிறேன்' என்று ஓர் அட்டை கூடுதலாகச் செய்து கொடுத்தார், அவ்வளவுதான்.

இப்போது டீச்சர் அடுத்த பெட்டியில் வருகிறார். திருமயிலையில் தானே இறங்கிவிடுகிறான். டீக்கடையில் 50 ரூபாய் நீட்டிவிட்டு மீதி வாங்காமல் வந்துவிடுகிறான், கணக்கில் 82 வாங்கியவன். இந்த மாதம் அதுதான் பாடம்.