ரோஸ்கில்டவில் என் மனம் நின்ற கப்பல்

கோபன்ஹேகனில் வாடகை கட்டாது என்றுதான் ரோஸ்கில்டவுக்கு வந்தேன். ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வேலைக்குப் போய்விடலாம். ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், பக்கத்து வீட்டுக்காரர் தலையசைப்பதோடு சரி. டேனிஷ்காரரோடு நன்றாகக் கதைக்கத் தொடங்கியது மொழி வகுப்பில் அல்ல, ஃபியோர்டுக் (நிலத்துக்குள் நீண்டு வரும் கடல்) கரையில் இருக்கும், பழைய வடநாட்டுக் கடலோடிகளான வைகிங்குகளின் கப்பல் அருங்காட்சியகத்தின் படகு கட்டும் முற்றத்தில்.

அங்கே ஒரு முதிய தச்சர் இருக்கிறார். 'ஐயா' என்று கூப்பிட வாய் உன்னும். இந்த ஊரில் தாத்தா வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஓக் மரத்தை அவர்கள் வாளால் (ரம்பத்தால்) அறுப்பதில்லை. ஆப்பு அடித்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பிளக்கிறார்கள். நார் அறுபடாததால் பலகை மெல்லியதாக இருந்தாலும் வளையும், உடையாது. பிறகு கோடரியாலேயே இழைப்பு. ஏராவிலிருந்து (கப்பலின் அடிமரம்) மேலே, ஒரு பலகையின் விளிம்பில் அடுத்ததை ஏற்றி, இடையில் தார் தோய்த்த கம்பளி நூல் வைத்து, இரும்பாணி அறைந்து முனையைத் தட்டி நசுக்குகிறார்கள். உடல் உருவாகி வரும்போதுதான் உள்ளே வங்குகள் (விலா போன்ற குறுக்கு மரங்கள்) பொருத்துகிறார்கள். வாரக் கணக்கில் என் மேலங்கியில் தார் மணம் போகாது.

அருங்காட்சியகத்தின் உள்ளே இருப்பவை ஸ்குல்டெலேவ் என்ற ஊருக்கு அருகே கிடைத்த கப்பல்கள், ஐந்து. சுமார் 1070இல், கடல் வழியாக எதிரிகள் ரோஸ்கில்டவுக்கு வராமல் இருக்க, ஃபியோர்டின் நீர்வழியில் கல் நிரப்பி மூழ்கடித்தவை. 1962இல் சுற்றிவர இரும்புத் தடுப்பு அடித்து, தண்ணீரை இறைத்து எடுத்தார்கள். எல்லாரும் படம் எடுப்பது 30 மீட்டர் போர்க்கப்பலைத்தான். 1042இல் அயர்லாந்தின் டப்ளினில் கட்டியது, அறுபது பேர் தண்டு (துடுப்பு) வலிக்கலாம். அதன் நகல் 2007இல் டப்ளினுக்கே பாய் விரித்துப் போனது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 16 மீட்டர் சரக்குக் கப்பல். நோர்வேயின் மேற்குக் கரையில் பைன் மரத்தில் கட்டியது. பிறகு ஓக் பலகை போட்டுப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள். அகன்ற வயிறு, பேருக்குச் சில தண்டுகள், முழு நம்பிக்கையும் பாயில்தான். ஆறேழு பேர் போதும், 24 தொன் ஏற்றலாம். ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று குடிபெயர்ந்தவர்கள் ஆடு மாடு, குழந்தை குட்டியோடு போனது இந்த வகைக் கப்பல்களில்தான், நடுவில் கூரை இல்லாத கிடங்கோடு! கொள்ளைக்காரர் கதை கேட்டே வளர்ந்த எனக்கு இந்தக் குடும்பக்காரர்களை யாரும் சொல்லித் தரவில்லை.

கோடையில் சிறு படகுகளில் நம்மையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தண்டு நாம்தான் வலிக்க வேண்டும். ஜூலை என்று நம்பிச் சட்டையோடு போகாதீர்கள், ஃபியோர்டுக் காற்று எலும்பு வரை போகும்.