மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் யார்?

அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்தே படிக்கவைக்க வேண்டும் என்கிறது 2016 உரிமைச் சட்டம். காரைக்குடியோ தேவகோட்டையோ, சேர்க்கை நடந்துவிடுகிறது. வகுப்புக்குள் அந்தப் பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

அதை அறிய ஒரு துண்டுத்தாள் போதும். சேர்ந்து வேலை செய்யப் பிடித்த மூன்று பேரை ஒவ்வொருவரும் எழுதட்டும். எழுத வராத பிள்ளை காதில் சொல்லட்டும். பிடிக்காதவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள், இடைவேளைக்குள் ஊரே அறிந்துவிடும். யார் தாளிலும் வராத பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தப் பிள்ளையைக் குழுவில் சேர்க்க, உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் தொடங்கிய 'ஜிக்சா' முறை: பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஆளுக்கொன்றைப் படித்துத் தன் குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பாடத்தையே எடுங்கள். ஐவர் குழுவில் ஆளுக்கொரு படி: கண்ணாடிமேல் அச்சு வைப்பது, நிறக்கலவை ஊற்றுவது, மணல்-சிமென்ட் நிரப்புவது, தண்ணீரில் ஊறவைப்பது, உலர்த்துவது. வெவ்வேறு குழுக்களில் ஒரே படி கிடைத்தவர்கள் முதலில் பத்து நிமிடம் ஒன்றாக உட்கார்ந்து சொல்லிப் பார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் மெதுவாக வாசிக்கும் பிள்ளை குழுவின் முன் திணறும், இருந்த மதிப்பும் போகும். நிறக்கலவைப் படியை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். தாள் ஒட்டும் வேலை கொடுத்தால் என்ன அர்த்தம் என்று மற்றவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு உதவும் சிறப்பாசிரியர் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளை அருகே வரும்? இரண்டு பெஞ்சு தள்ளி நிற்கலாம். விளையாட்டுப் பீரியடில் தனிப்பயிற்சிக்கு அழைப்பதும் வேண்டாம். படிப்பில் தன்னைக் குறைவாக நினைக்கும் பிள்ளை ஓட்டத்தில் அப்படி நினைக்காமல் இருக்கலாம்.

எதற்கெடுத்தாலும் 'சபாஷ்' சொன்னால் பிள்ளை நம்பாது. இந்த மாத நோட்டுக்குப் பக்கத்தில் போன மாத நோட்டை வைத்து, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று காட்டுங்கள்.