வாம்பயர்: ஏப்ரல் குறிப்புகள்

ஏப்ரல் 2, கல்லடி

வள்ளத்துக்காரர் ஒருவரிடம் வாம்பயர் கப்பல் பற்றிக் கேட்டேன். "ஹேர்மஸ் கிடக்கிற இடத்தத்தானே கேக்கிற, மனே?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மட்டக்களப்பில் 1942 பற்றிப் பேச்சு வந்தால் அந்த விமானந்தாங்கிக் கப்பல்தான் வரும். அதற்குத் துணையாகப் போய் அதே காலையில் மூழ்கிய வாம்பயர் என்ற நாசகாரியை, அந்தச் சிறிய வேகமான போர்க்கப்பலை, யாரும் விசாரிப்பதில்லை. 9ஆம் திகதிக்குள் அதன் கதையை எழுதிவிட வேண்டும்.

ஏப்ரல் 3

1917இல் இங்கிலாந்தில் கட்டிய கப்பல். 1933இல் அவுஸ்திரேலியக் கடற்படைக்குக் கைமாறியது. இரண்டாம் உலகப்போர் தொடங்கும்போது அதற்கு 22 வயது. ஸ்டுவர்ட், வென்டெட்டா, வொயேஜர், வோட்டர்ஹென் என்ற நான்கு பழங்கப்பல்களோடு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்கள். ஜெர்மன் பிரசாரம் அவற்றைப் பழைய இரும்பு என்று கேலி செய்தது. மாலுமிகள் அந்தப் பெயரையே பெருமையாகச் சூடிக்கொண்டார்கள்!

ஏப்ரல் 5

வாம்பயர் போனதுபோல் சரக்குக் கப்பல் அணிக்குக் காவல் போவது என்றால் என்ன? அணியில் எது மெதுவாகப் போகிறதோ, அதன் வேகம்தான் எல்லோருக்கும். மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் ஓடக்கூடிய நாசகாரியும் அவற்றை விட்டுவிட்டுப் போக முடியாது. ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டே, நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காது கொடுக்க வேண்டும். நீர்மூழ்கி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஆழ்நீர்க்குண்டு. பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததுதான் வெற்றி. அதனால்தானோ என்னவோ, இந்த வேலையை யாரும் பாடுவதில்லை.

1940 ஜூலையில் மால்டாப் பக்கமிருந்து திரும்பும் வழியில் விமானக்குண்டுச் சிதறல் பட்டு வாம்பயரில் ஒருவர் இறந்தார். அப்புறம் கிரேக்கம், லிபியாவின் தொப்ரூக். இயந்திரங்கள் தேய்ந்துபோக, 1941 நடுப்பகுதியில் பழுதுபார்க்கச் சிங்கப்பூர் அனுப்பினார்கள். வோட்டர்ஹென் மத்தியதரைக் கடலிலேயே ஜூன் 30 அன்று மூழ்கிவிட்டது.

ஏப்ரல் 8

இரண்டு நாள் எழுதவில்லை, வீட்டில் விருந்தாளிகள்.

1941 டிசம்பர் 10: பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்களையும் மலாயாக் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. துணைக்குப் போன வாம்பயர் தண்ணீரிலிருந்து 225 பேரைத் தூக்கியது. 1942 ஜனவரி 27 அதிகாலை, தானெட் என்ற நாசகாரியோடு மலாயாவின் எண்டாவில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கப் போனது. டோர்பிடோக்கள் தவறின. தானெட் மூழ்கியது, வாம்பயர் தப்பியது. பிறகு திருகோணமலை.

ஏப்ரல் 9

1942இல் இதே நாள். ஜப்பானியத் தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து, ஹேர்மஸையும் வாம்பயரையும் முதல்நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேற்றியிருந்தார்கள். ஹேர்மஸில் ஒரு விமானம்கூட இல்லை. விமானந்தாங்கியை வெறுமையாக அனுப்பியது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களிடம் சிக்கின. ஹேர்மஸ் சில நிமிடங்களில் போனது, 307 பேரோடு. அடுத்து வாம்பயர், இரண்டாக உடைந்து. அந்த வழியால் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் காப்பாற்றியது.

பின்னேரம் வள்ளத்துக்காரரிடம் சொன்னேன்.

"அப்ப மத்தக் கப்பல்ல இருந்தாக்கள்?"

"கெப்டன் மொரானும் கொஞ்சப் பேரும் போயிட்டாங்க, மாமா. மிச்சம் எல்லாரும் தப்பிட்டாங்க."

"ஆ, நல்லம்" என்றுவிட்டு வலையைப் பொத்தத் தொடங்கினார்.