ஒற்றையில் போனவர்: கேலப் நாட்குறிப்பு

2017 மார்ச் 12, ஞாயிறு

நேற்று இரவு இங்கே, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ப்ரூவிட் என்ற ஊருக்கு வடக்கே, காசமெரோ லேக் பக்கம், ஒரு போலீஸ்காரரைச் சுட்டுவிட்டார்கள். நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியின் சொந்தப் போலீஸைச் சேர்ந்தவர். ஹெலிகாப்டரில் ஆல்புகர்க்கி கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. பெயர் ஹூஸ்டன் ஜேம்ஸ் லார்கோ. வயது 27. கிரவுன்பாயிண்ட் சரகத்தில் வேலை பார்த்தவர்.

யாரோ ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டை என்று புகார் வந்திருக்கிறது. அதை விசாரிக்கப் போனவர். காயம்பட்டுக் கிடந்த அவரைப் பார்த்தது அந்த வழியாக வந்த ஒரு பெண். அவருடைய ரேடியோவையே எடுத்து, உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர், இருட்டில், போலீஸ் ரேடியோவில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தேடியிருப்பார். அந்த இடத்தைத் தாண்டி என்னால் செய்தியைப் படிக்க முடியவில்லை.

நான் இருக்கும் கேலப் ஊர் முழுக்க இதே பேச்சு. மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருமே அவர் பெயரைச் சொல்லவில்லை, "அந்தப் பையன்" என்றார்கள்.

மார்ச் 13, திங்கள்

பள்ளியில் காலையிலேயே கூட்டம். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நவஹோ. யாருக்காவது ஒரு சித்தப்பாவோ அத்தையோ போலீஸில் இருப்பார்கள். பெரிய அட்டையில் அவர் பெயரை எழுதி, எல்லா வகுப்பும் கையெழுத்துப் போட்டு வாசலில் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

என் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கும் நவஹோ அம்மா, கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து சொன்னார். பழைய முறைப்படி இருக்கும் வீடுகளில் இறந்தவரின் பெயரை எடுக்க மாட்டார்கள். முதல் நான்கு நாள் துக்கத்தில் அது இன்னும் கண்டிப்பு. சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் நிறையப் பேசுவதும் கிடையாது. "சர்ச்சுக்குப் போகும் வீடென்றால் படம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எந்தப் பிள்ளை எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது.

கடைசியில் அவர் சொன்னதுதான் நடந்தது. இறந்தவருக்கு இல்லாமல், கிரவுன்பாயிண்ட் ஸ்டேஷனில் இன்று டியூட்டியில் இருப்பவர்களுக்கு வாழ்த்து அட்டை. என் வகுப்பு வரைந்ததில் பாதி குதிரைகள். இறந்துபோன போலீஸ்காரரிடம் நாய் இருந்ததா, இப்போது அதற்கு யார் சோறு வைப்பார்கள் என்று ஒருவன் கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

சந்தேகப்பட்ட ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

மார்ச் 14, செவ்வாய்

இரவு வரைபடத்தை விரித்து வைத்து உட்கார்ந்தேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குப் புரியாத ஒரு விஷயம் இந்தச் சாவோடு நேராகச் சம்பந்தப்பட்டது என்பதால் எழுதி வைக்கிறேன்.

நவஹோ நேஷன், அதாவது நவஹோக்களின் சுயாட்சி நிலம், ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர். இலங்கையைவிடப் பெரிய நிலம். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் கிடக்கிறது. 2010 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 1,70,000 பேருக்கு மேல். இத்தனைக்கும் போலீஸ் இருநூறு பேர் சொச்சம். அவர்களை ஏழு சரகங்களுக்குப் பிரித்து, அப்புறம் பகல் இரவு ஷிஃப்டுக்குப் பிரித்தால், ஒரு சனிக்கிழமை ராத்திரி எத்தனை வண்டி ஓடும்? ஒரு வண்டியில் ஒரே ஆள்தான். துணைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டால் ஒரு மணி நேரம் ஆவது இங்கே அதிசயமில்லை. பல இடங்களில் ரேடியோவே எடுக்காது. ப்ரூவிட் பக்கம் ஒருமுறை போனபோது, நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பிய சில நிமிடங்களில் என் போனும் செத்துவிட்டது.

இடத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. கேலப்புக்குக் கிழக்கே இருக்கும் பகுதியைச் செக்கர்போர்டு என்கிறார்கள், சதுரங்கப் பலகை மாதிரி என்று. 1860களில் ரயில்வே கம்பெனிக்கு ஒன்றுவிட்டு ஒரு துண்டாக நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். பிற்பாடு தனித்தனி நவஹோ குடும்பங்களுக்குச் சில துண்டுகள், மத்திய அரசுக்குச் சில, மாநிலத்துக்குச் சில. வேலியைத் தாண்டினால் வேறு அதிகாரம். குற்றம் எந்தத் துண்டில் நடந்தது, செய்தவர் பழங்குடியா, பட்டவர் பழங்குடியா என்ற மூன்றையும் பார்த்துத்தான் அது நவஹோ போலீஸின் வழக்கா, மெக்கின்லி கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃபுடையதா, மத்திய அரசின் எஃப்பிஐயுடையதா என்று முடிவாகும். இந்தத் தலைவலிக்காகவே நவஹோ போலீஸும் கவுண்டியும் ஒருவருக்கொருவர் அதிகாரம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். லார்கோவும் நவஹோ போலீஸுக்கு வருமுன் கவுண்டி ஷெரிஃபிடம் டெபுடியாக இருந்தவர்தான். இரண்டு பக்கத்துச் சாலையும் அவருக்குத் தெரியும்.

டிவியில் "மாவீரர்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு என்னவோ, பக்கத்து இருக்கையில் இன்னொருவர் ஏன் இல்லை என்று ஒரே ஒருவராவது கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

மார்ச் 15, புதன்

அம்மா திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டாள். விவரம் சொன்னேன். செக்கர்போர்டு, எஃப்பிஐ எல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "ராத்திரியில ஒத்தையிலயா அனுப்புனாவ?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 16, வியாழன்

இன்று இறுதிச் சடங்கு, ஊருக்குக் கிழக்கே ரெஹோபோத் கிறிஸ்தவப் பள்ளியில். ஆயிரக்கணக்கில் கூட்டம். நான் உள்ளே போகவில்லை, சாலையோரம் நின்றேன். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. ஒருவரும் நகரவில்லை.

வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. விளக்கு மட்டும் எரிந்தது, சைரன் இல்லை. ஓட்டி வந்தவர்களின் நெஞ்சு பேட்ஜில் குறுக்கே கறுப்புப் பட்டை. மற்றப் பழங்குடிகளின் போலீஸ், கவுண்டிப் போலீஸ், மாநிலப் போலீஸ் எல்லாம் இருந்தார்கள். அருகில் நின்ற ஒரு தாத்தா, பழைய ராணுவத் தொப்பியோடு, ஊர்வலம் போய் முடியும்வரை சல்யூட் அடித்த கையை இறக்கவே இல்லை. கை நடுங்கியது, பேத்தி முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். நவஹோ நேஷன் தலைவர் ரஸ்ஸல் பெகாய் கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கச் சொல்லியிருக்கிறார்.

போலீஸ்காரர்களின் சடங்கில் கடைசி அழைப்பு என்று ஒன்று உண்டு, சக ஆசிரியை ஒருவர் சொன்னார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறந்தவரின் எண்ணையும் பெயரையும் சொல்லி ரேடியோவில் கூப்பிடுவார்கள். பதில் வராது. மறுபடி கூப்பிடுவார்கள். பதில் இல்லை என்று ஆன பிறகு, இவருடைய பணி முடிந்தது என்று அறிவிப்பார்கள். அமெரிக்கா முழுக்க இதுதான் வழக்கமாம்.

பெயரை எடுக்கக் கூடாது என்ற வீட்டில் பிறந்தவர்களுக்கு, பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காத்திருக்கும் இந்தச் சடங்கு எப்படி இருக்கும் என்று உதவி ஆசிரியையிடம் கேட்டேன். அவர் அண்ணன் மகன் போலீஸில் இருக்கிறான். "யூனிஃபார்ம் போட்டவனை யூனிஃபார்ம்காரர்கள் அனுப்புகிறார்கள். வீட்டில் நாங்கள் செய்வது வேறு. இரண்டும் நடக்கும்" என்றார். வீட்டில் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

நூலகத்திலிருந்து கொண்டுவந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். நவஹோக்களுக்குப் போலீஸ் வந்தது 1872ல், மனுவெலிட்டோ தலைமையில் ஒரு குதிரைப்படையாக. அதற்கு நான்கு வருடம் முன்புதான், அமெரிக்க அரசோடு செய்த 1868 உடன்படிக்கைக்குப் பிறகு, போஸ்க் ரெடோண்டோ முகாமில் அடைபட்ட சிறைவாழ்விலிருந்து மக்கள் நடந்தே ஊர் திரும்பியிருந்தார்கள். அமெரிக்க ராணுவத்தோடு கடைசிவரை மோதியவர்களில் ஒருவர் மனுவெலிட்டோ. அவரிடமே காவலைக் கொடுத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளின் அட்டையில் அத்தனை குதிரைகள் வந்ததற்கு இது காரணமில்லை என்று தெரியும், இருந்தாலும் சிரித்துக்கொண்டேன்.

1878ல் மத்திய அரசே ரிசர்வேஷன்களில் (பழங்குடிகளுக்கு ஒதுக்கிய நிலங்களில்) பழங்குடிப் போலீஸுக்குச் சம்பளம் ஒதுக்கியது. அதில் கசப்பும் உண்டு. 1890 டிசம்பர் 15 அன்று ஸ்டாண்டிங் ராக் ரிசர்வேஷனில் லகோட்டா இனத் தலைவர் சிட்டிங் புல்லைக் கைது செய்யப் போனவர்கள் அவருடைய இனத்துப் போலீஸ்காரர்களே. சிட்டிங் புல் செத்தார். லெப்டினன்ட் புல் ஹெட் உட்பட ஆறு போலீஸ்காரர்களும் செத்தார்கள். அவர்களும் பணியில் இறந்தவர்கள்தான். யாருடைய பணி என்று கேட்டால் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதில் இருக்கும். ப்ரூவிட்டில் போனவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. தன் ஜனத்தில் ஒரு வீட்டுச் சண்டையைத் தடுக்க, தன் ஜனம் கொடுத்த பேட்ஜோடு போனார்.

கொலை வழக்கு மட்டும் நவஹோ நீதிமன்றத்துக்குப் போகாது. 1885ல் வந்த பெருங்குற்றச் சட்டப்படி, பழங்குடி நிலத்தில் ஒரு பழங்குடி செய்யும் கொலை மத்திய அரசுக்கு உரியது. அதனால்தான் எஃப்பிஐ. செய்தவர் பழங்குடியே இல்லை என்றால் இன்னும் மோசம்: உச்ச நீதிமன்றத்தின் 1978 ஒலிஃபண்ட் தீர்ப்புக்குப் பிறகு பழங்குடி நீதிமன்றம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவே முடியாது. 2013ல் குடும்ப வன்முறைக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்தார்கள். மனைவியை அடித்த வெளியாளைப் பழங்குடி நீதிமன்றம் விசாரிக்கலாம். அவளைக் காப்பாற்ற வந்த போலீஸ்காரரை அதே ஆள் அடித்தால் விசாரிக்க முடியாது! லார்கோ வழக்குக்கும் இந்த ஓட்டைக்கும் தொடர்பில்லை, பிடிபட்டவர் நவஹோதான். இருந்தாலும் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு ராத்திரியாவது அந்த வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மே 15, திங்கள்

இன்று தேசியக் காவலர் நினைவு நாள். 1962ல் கென்னடி கையெழுத்திட்டது. பள்ளிக் கொடி அரைக்கம்பத்தில். நாய் விஷயம் விசாரித்ததில் ஒன்றும் தெரியவில்லை, பையனும் மறந்துவிட்டான்.

2018 மே 13, ஞாயிறு

வாஷிங்டனில், பணியில் இறந்த காவலர்களின் நினைவுச் சுவரில், மெழுகுவர்த்தி அஞ்சலி. போன வருடம் இறந்தவர்களின் பெயர்கள் இந்த வசந்தத்தில்தான் சுவரில் ஏறுகின்றன. அதில் நவஹோ காவலர்கள் இருவர். இன்னொருவர் 2017 ஜூனில் சாலை விபத்தில் போனவர். துப்பாக்கிக்கு நிகராக இந்தச் சாலைகளும் ஆளைத் தின்கின்றன; ஒரு புகாருக்குப் போய்த் திரும்ப நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் இவர்கள்.

1991ல் திறந்த அந்தச் சுவரில் இருபதாயிரத்துக்கு மேல் பெயர்கள். அகரவரிசை கிடையாது, பதவி வரிசை கிடையாது. நியூயார்க் போலீஸ்காரர் பக்கத்தில் இரண்டு தெரு இருக்கும் ஊரின் ஷெரிஃப் இருப்பார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. நியூ மெக்சிகோவிலேயே, ஆர்ட்டீசியாவில் இருக்கும் பழங்குடிப் போலீஸ் அகாடமியில், இவர்களுக்கென்றே ஒரு நினைவிடமும் உண்டு. ஒருநாள் போக வேண்டும், இங்கிருந்து நெடுந்தூரம்.

2022 மார்ச் 17, வியாழன்

இந்த நாட்குறிப்பை நடுவில் விட்டுவிட்டேன். 2020ல் கோவிட் நவஹோ நேஷனை உலுக்கியபோது எதையும் எழுதும் நிலையில் இல்லை. அந்த ஜூனில் ஒரு காவலரும் கோவிட்டில் இறந்தார். அதுவும் பணியில் நேர்ந்த சாவாகவே ஏற்கப்பட்டது. சரியான காரியம். ஊரடங்கு நாட்களில் சாலையில் நின்று ஒவ்வொரு கார் ஜன்னலிலும் குனிந்து பேசியவர்கள் அவர்கள்தான்.

போன வருடம் ஜூனில் உச்ச நீதிமன்றம், கூலி (Cooley) என்பவரின் வழக்கில், ஒருமனதாகச் சொன்னது: ரிசர்வேஷன் வழியாகப் போகும் பொதுச்சாலையில், பழங்குடி அல்லாத ஒருவர் மீது சந்தேகம் வந்தால், பழங்குடிப் போலீஸ் அவரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துச் சோதிக்கலாம். இதற்கே 2021 ஆக வேண்டியிருந்தது.

நேற்று முன்தினம் பைடன் கையெழுத்திட்ட சட்டத்தில், நான் ஐந்து வருடம் முன்பு இங்கே திட்டி எழுதிய ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். வன்முறையைத் தடுக்க வரும் பழங்குடிப் போலீஸைத் தாக்கினால், தாக்கியவர் யாராக இருந்தாலும், பழங்குடி நீதிமன்றமே விசாரிக்கலாம். அக்டோபர் 1 முதல் அமல். அதற்கு அந்தப் பழங்குடியின் அரசு தன் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் உதவி, ஜூரி எல்லாம் சட்டம் கேட்கும்படி அமைத்திருக்க வேண்டும். செலவு பிடிக்கும். நவஹோ தலைநகரான விண்டோ ராக்கில் இருக்கும் 24 கவுன்சில் உறுப்பினர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

உதவி ஆசிரியை இப்போது ஓய்வில் இருக்கிறார். போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆள் எடுக்க இதில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா?" என்றார். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சட்டம் சில ஆயிரம் பக்கம், பட்ஜெட்டோடு சேர்த்துக் கட்டியது. சனிக்கிழமை உட்கார வேண்டும்.