எங்க ஊர்த் தண்டவாளம்

கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த சின்ன ரயிலையும் பிரிட்டிஷ்காரர்கள் காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் என் வெல்டிங் பட்டறையில் செய்த தண்டவாளம் ஒன்று இப்போது ஏரிக்குள் இறங்குகிறது. படகுக்கு!

மீன் குத்தகை எடுத்திருக்கும் மாமா ஒருத்தர் பைபர் படகு வாங்கினார். எஞ்சினோடு அரை டன். “ஒகேனக்கல்ல பரிசலை ஒரே ஆளு தலையில கவுத்துக்கிட்டுப் போறான். இதை எறக்க ஊரையே கூப்பிடணும் போல. ஏதாச்சும் பண்ணுப்பா” என்றார்.

கடலோரத்தில் பெரிய படகுகளையே சாய்வுத் தண்டவாளத்தில் வண்டி வைத்து, கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சால் ஏற்றி இறக்குவார்கள். அதன் குட்டிதான் இது. ‘எல்’ வடிவ இரும்பு ஆங்கிளை முனை மேலே வரும்படி கவிழ்த்துப் பதித்தோம், சேறு தங்காது. அதன்மேல் ஓட, ஸ்லைடிங் கேட்டுக்குப் போடும் வி-பள்ளச் சக்கரம். பால் பேரிங் தண்ணீரில் முங்கினால் சீக்கிரம் துருவேறும், அதனால் அச்சு சுழல வெண்கலக் குழல், அதாவது புஷ். தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்தால் மிதக்கப் பார்க்கும். நம்ம பக்கம் கிரானைட் கழிவுக் கல்லுக்கா பஞ்சம்?

சாய்வு எட்டடிக்கு ஓரடி. படகும் வண்டியும் 650 கிலோ. எட்டால் வகுத்தால், இழுக்க வேண்டிய பாரம் 80 கிலோ சொச்சம். உராய்வைச் சேர்த்தாலும் கை வின்ச் தாராளம். மாமா மோட்டார் கேட்டார். கரையில் கரண்ட் இல்லை, பேச்சு அதோடு முடிந்தது.

மண்டையைக் காய வைத்தது வண்டிதான். தண்டவாளத்தின் சாய்விலேயே படகையும் உட்கார வைத்தால், இறங்கும்போது பின்பக்கம் முதலில் மிதக்கும். மூக்கு மட்டும் வண்டியில் அழுந்தி நிற்கும், படகு பக்கவாட்டில் ஆடும். அதனால் 12 அடி வண்டிக்குத் தண்ணீர்ப் பக்கக் கால்களை ஒன்றரை அடி உயர்த்தி, மேல்தளத்தை மட்டமாக்கினேன். இப்போது படகு முழுசாக ஒரே நேரத்தில் எழும்புகிறது. திரும்பி வரும்போது முங்கிய வண்டி கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் நிற்கும் உயரமான பைப்புகளுக்கு நடுவே ஓட்டினால் சரியாக உட்காரும்.

தண்டவாளத்தின் அடிமுனையைச் சித்திரையில், தண்ணீர் வற்றிய பிறகுதான் பதித்தோம். நிறைந்த ஏரியில் கல்லை மட்டம் பார்க்க முடியுமா? கடைசியில் தடுப்பு ஒன்று. இல்லாவிட்டால் வண்டி நேரே சேற்றுக்குள்.

இரண்டாவது படகு வாங்கப்போகிறாராம் மாமா. அதன் அடிவயிறு வேறு வடிவம், வண்டியில் படகைத் தாங்கும் பலகைகளை மாற்ற வேண்டும். முதல் வேலைக்கான பாக்கி வரட்டும் என்றிருக்கிறேன்.